அதே உப்பளப் படம்தான், மறுபடியும்

3 மார்ச் 2024, காலை 10.15

வாசகர் கேள்வி: "கேமராவில் எப்படி விழுந்ததோ அப்படியே போடுவதுதான் நேர்மை. ஒரே படத்தை நாலு விதமாகத் திருத்திப் போடுகிறவர்கள், தாங்கள் எதை எடுத்தோம் என்றே தெரியாதவர்கள். மாற்றுக் கருத்து உண்டா?"

3 மார்ச், இரவு 9.40

உண்டு.

முதலில், கேமராவில் 'அப்படியே' விழுவது என்று ஒன்று இல்லை. சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டி. நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, இன்றும் பெரும்பாலான கேமராக்களில் அதுதான். அதாவது ஒரு புள்ளியில் மூன்றில் ஒரு நிறம்தான் அளக்கப்படுகிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். அதன் மேல் கான்ட்ராஸ்ட் எவ்வளவு, பச்சை எவ்வளவு பச்சை, ஓரங்கள் எவ்வளவு கூர்மை என்று தொழிற்சாலையில் யாரோ ஒரு இன்ஜினியர் முடிவு செய்துவைத்திருக்கிறார். ஜேபெக் என்பது அவர் திருத்திய படம். நீங்கள் அவரை நம்புகிறீர்கள், நான் என்னை நம்புகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ராவ் கோப்பில், அதாவது சென்சார் அளந்ததை மட்டும் வைத்திருக்கும் கோப்பில், நிறைய கைவசம் இருக்கும். என் கேமரா 14 பிட். 16,384 நிறங்கள். ஜேபெக்கில் 256தான்.

'எதை எடுத்தோம் என்றே தெரியாதவர்கள்' என்றது மட்டும் கொஞ்சம் குத்தியது. மூன்று வாரமாக ஒரே படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

4 மார்ச், காலை 6.50

எந்தப் படம் என்று சொல்லாமலே பேசிக்கொண்டிருக்கிறேன்.

தூத்துக்குடிக்கு வெளியே ஓர் உப்பளம். பிப்ரவரி நடுவில், காலை 11 மணி. ஒரு பெண் தலையில் உப்புச் சட்டியோடு வரப்பில் நடக்கிறார், முதுகு நம் பக்கம். கேட்டுத்தான் எடுத்தேன், முகம் வேண்டாம் என்றார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கை நீலச் சட்டை. இடது பக்கம் பாத்தியில் தண்ணீர், அதில் அவர் பிம்பம். வலது பக்கம் உப்புக் குவியல். மேலே ஒரு பொட்டு மேகமில்லாத வானம்.

லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/400 நொடி, ஐஎஸ்ஓ 100. கேமராவின் ஒளி மீட்டர் கேட்டது 1/1000. எதைக் காட்டினாலும் நடுச் சாம்பலாக்கத்தான் மீட்டருக்குத் தெரியும், உப்பு வெள்ளை என்று அதற்கு யார் சொல்வது? அதைக் கேட்டிருந்தால் குவியல் சிமென்ட் மாதிரி வந்திருக்கும். ஆக திருத்தம் என்பது ஷட்டரை அமுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. இதைக் கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும்.

முதல் பதிப்பு டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருளில். அடிவானத்தை நேராக்கினேன், சென்சார் தூசி இரண்டு புள்ளி, கீழ் மூலையில் வரப்போரம் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம், எல்லாம் துடைத்தாயிற்று. வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும் வெள்ளைச் சமநிலையை 5,200 கெல்வினிலிருந்து 8,500க்கு ஏற்றினேன். உப்பு பொன்னாக மாறியது. குடும்ப வாட்ஸாப்பில் போட்டேன். பதினேழு இதயம், ஒரு 'சூப்பர் மாப்ள'.

5 மார்ச், இரவு 8.20

எதிர்வீட்டு அக்காவுக்கும் காட்டினேன். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவர். போனை வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"சாயங்காலமா தம்பி எடுத்தது?"

"காலைலதான்க்கா."

"அதானே. சாயங்காலம் யாரு உப்பு சுமக்கா? விடியுமுன்னே போயி வெயில் ஏறுமுன்னே முடிக்கப் பார்ப்போம். நெழலைப் பாரு, காலடியில கெடக்கு."

அந்தப் பெண்ணின் உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும் நிழல். சூரியன் நல்ல உயரத்தில். வெளிச்சமோ அஸ்தமன ஆரஞ்சு. ஒரே படத்துக்குள் இரண்டு சூரியன் வைத்திருக்கிறேன், பதினேழு பேரும் கவனிக்கவில்லை, நானும்தான்.

5 மார்ச், இரவு 11.05

எண்ணைக் கூட்டினால் ஏன் சூடாகிறது, 8,500 கெல்வின் என்றால் நீல வெளிச்சம் இல்லையா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான குழப்பம். எண் கூடக்கூட வெளிச்சம் நீலம் என்பது சரிதான். ஆனால் அந்த ஸ்லைடரில் நாம் சொல்வது, "எடுத்த இடத்து வெளிச்சம் இவ்வளவு நீலமாக இருந்தது, சரிக்கட்டு" என்று. அது நம்பி ஆரஞ்சைச் சேர்க்கிறது. பொய் சொல்லி வாங்கிய பொன் நிறம்.

7 மார்ச், இரவு 10.30

கறுப்பு வெள்ளை. இது கொஞ்சம் நீளும்.

பலரும் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு, கறுப்பு வெள்ளை ஆயிற்று என்கிறார்கள். அதில் சாம்பல்தான் வரும். ஜிம்ப் என்ற மென்பொருளில் மோனோ மிக்சரைத் திறந்து, சிவப்பை மட்டும் 1 வைத்து மற்ற இரண்டையும் 0 ஆக்குங்கள். வானம் கறுத்து இறங்கும். உப்பு சிவப்பு, பச்சை, நீலம் மூன்று சேனலிலும் வெள்ளை என்பதால் அசையாமல் நிற்கும். கறுத்த வானத்துக்கு முன்னால் வெள்ளைக் குவியல், மார்கழி மலை மாதிரி. நீலச் சட்டை ஏறக்குறைய கறுப்பு.

இப்போது அதையே மாற்றி நீலத்தை மட்டும் 1 வையுங்கள். வானம் வெளுத்துப்போகும். அதே சட்டை வெளுப்பாகிவிடும். மஞ்சள் சேலை இருண்டு, கணுக்கால் தோல் கறுத்து, படம் திடீரென்று நூற்றைம்பது வருஷம் பின்னால் போய்விடும். சும்மா உவமைக்காகச் சொல்லவில்லை. 1850களில் வந்த கொலோடியன் தகடுகளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியவே தெரியாது. அதனால்தான் அந்தக் காலப் படங்களில் வானம் வெற்றுக் காகிதம். பிரான்சில் கஸ்டாவ் லு கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், மேகத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். ஆக, வானம் மாற்றும் ஆப்புகளுக்குக் கொள்ளுத் தாத்தா இருக்கிறார்.

ஒரே கோப்பு, ஒரே சட்டை. ஒன்றில் துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி, மற்றதில் பள்ளிக்கூட ஆயா மாதிரி.

இனி ஒரு சங்கடம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிவப்புப் பதிப்புதான் 'நன்றாக' இருப்பதாகத் தோன்றியது. ஏன் என்று யோசித்தேன். சிவப்பு சேனலில் நம் தோல் வெளுக்கும், நீலத்தில் கறுக்கும். கையும் காலும் இரண்டு படி வெளுத்த படத்தை யோசிக்காமலே தேர்ந்தெடுத்திருக்கிறேன். எங்கள் ஊர் ஸ்டூடியோவில் பொண்ணு பார்க்க அனுப்பும் படத்தை நெகட்டிவில் பென்சில் வைத்து 'கொஞ்சம் எடுத்துக் கொடுப்பார்கள்', அதாவது வெளுப்பாக்குவார்கள். அந்தப் பென்சில் இப்போது என் கையில் ஸ்லைடராக இருக்கிறது போல. கடைசியில் சிவப்பு 0.3, பச்சை 0.5, நீலம் 0.2. பார்க்கச் சாதாரணமாக இருக்கிறது, இருக்கட்டும்.

8 மார்ச், காலை 7.10

வீட்டில்: "இன்னும் அதே படமா? ரேஷன் கார்டுக்கு என் போட்டோவைச் சரிபண்ணிக் கேட்டு ஆறு மாசம் ஆகுது."

10 மார்ச், பகல் 3.00

ஞாயிறு. வெட்டிப் பார்க்கும் நாள்.

6000க்கு 4000 புள்ளி. அங்குலத்துக்கு 300 என்று அச்சிட்டால் 20 அங்குலத்துக்குக் கிட்டத்தட்ட 13. இந்த இடம் கையில் இருப்பதால் உள்ளே புகுந்து திரியலாம். நான் சதுரச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு படத்தின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன், வயலில் எலி வளை தேடுவது மாதிரி. கிடைத்தவை:

குதிகால். 1500க்கு 1500 சதுரம். வெடிப்புக்குள் உப்புப் படிந்து வெள்ளைக் கோடுகள். பாத்தியின் காய்ந்த ஓரத்திலும் அதே வெடிப்பு, அதே வெள்ளைக் கோடு. எடுத்தபோது இதைப் பார்க்கவே இல்லை. அச்சில் ஐந்து அங்குலம்தான் வரும், பரவாயில்லை.

நிழல் மட்டும். ஆள் இல்லை, வரப்பில் ஒரு தலைச்சுமை நிழல். இது கொஞ்சம் 'கவிதை' மாதிரி ஆகிவிட்டது, வேண்டாம்.

பாத்தித் தண்ணீரில் தெரியும் உருவத்தை மட்டும் வெட்டி 180 பாகை திருப்பினேன். ஆள் நேராக நிற்பார், ஆனால் கலங்கலாக, தண்ணீர்ச் சுருக்கங்களோடு. முதலில் ஜாலவித்தை என்று தோன்றியது. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது இருப்பதிலேயே இதுதான் பிடித்தது. நாளைக்கு என்ன தோன்றும் என்று தெரியாது.

இடவலமாகத் திருப்பியும் பார்த்தேன். அசலில் இடமிருந்து வலம் போகிறார், வேலைக்குப் போகிற மாதிரி. திருப்பினால் வீடு திரும்புகிற மாதிரி. இடமிருந்து வலம் படிக்கிற கண்ணுக்கு அப்படி. ஆனால் சட்டியைப் பிடித்த வலக்கை இடக்கையாகிவிடுகிறது, ஒருவரை என் வசதிக்காக இடக்கையராக்க மனம் வரவில்லை.

11 மார்ச், காலை 6.30

திருத்தம். 3ஆம் தேதி 14 பிட் என்றால் 16,384 நிறங்கள் என்று எழுதியது தப்பு. அது ஒரு புள்ளியில் பதிவாகும் வெளிச்சப் படிகளின் எண்ணிக்கை. ஜேபெக்கிலும் நிறங்கள் 256 அல்ல, ஒவ்வொரு சேனலுக்கும் 256 படி. மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சத்துச் சொச்சம். சுட்டிக்காட்டியவருக்கு ஒரு டீ. 'அடிப்படையே தெரியாமல்' என்று சேர்த்துக்கொண்டதால் பிஸ்கட் கிடையாது.

12 மார்ச், இரவு 9.15

வானம் மாற்றும் ஆப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். நாலு நொடியில் கருமேகம் திரண்டுவிட்டது, பிரமாதம். பாத்தித் தண்ணீரில் மட்டும் வெறும் வானம்.

அக்காவிடம் காட்டவே பயமாக இருந்தது, காட்டினேன். சிரித்துவிட்டார். "இப்படி மோடம் போட்டா அந்தப் பிள்ளை இப்படியா மெதுவா நடக்கும்? ஓலையை எடுத்துக்கிட்டு அம்பாரத்தை மூட ஓடும்." மழை விழுந்தால் அத்தனை நாள் உழைப்பும் கரைந்து பாத்திக்கே போய்விடும். ஆப்புக்கு அது தெரியாது. எனக்கும் தோன்றவில்லையே.

14 மார்ச், இரவு 10.50

'ஒரு படத்துக்கு ஒரு சரியான பதிப்புதான் இருக்க முடியும்' என்று இன்னொருவர். அவருக்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ்.

நியூ மெக்ஸிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். வண்டியில் போகும்போது நிலா உதித்திருக்கிறது, கல்லறைச் சிலுவைகள் மேல் கடைசி வெயில். மீட்டர் எங்கே வைத்தோம் என்று கிடைக்கவில்லை. நிலாவின் பிரகாசம் அவருக்கு மனப்பாடம், அதை வைத்துக் கணக்குப் போட்டு ஒன்று எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒற்றை நெகட்டிவிலிருந்து வாழ்நாள் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் அச்சிட்டார். ஆரம்பப் பிரதிகளில் வானம் சாம்பல், மேகக் கீற்றுகள் தெரியும். வருஷம் போகப்போக வானத்தைக் கறுக்கடித்துக்கொண்டே வந்தார், பிற்காலப் பிரதிகளில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. 1948இல் நெகட்டிவின் அடிப்பகுதியையே மறுபடி ரசாயனத்தில் நனைத்து அழுத்தமாக்கினார். இதில் எது சரியான பதிப்பு?

எனக்கு இதைவிடப் பிடித்தது வேறு. எந்த வருஷம் எடுத்தது என்று அவருக்கே ஞாபகமில்லை, ஆளுக்கொரு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வானியல் தெரிந்தவர்கள் படத்தில் நிலா நிற்கும் இடத்தை வைத்து 1 நவம்பர் 1941, மாலை 4.49 என்று கண்டுபிடித்தார்கள். வானத்தை எவ்வளவு கறுக்கடித்தும் நிலா நேரத்தைச் சொல்லிவிட்டது. எதிர்வீட்டு அக்கா நிழலை வைத்துச் சொன்ன மாதிரியே.

16 மார்ச், இரவு 11.30

இன்று ஒரு விபரீதம் செய்தேன். எக்ஸ்போஷரை மேலே ஏற்றிக்கொண்டே போனேன். 1 ஸ்டாப் (அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு), 1.5, 1.7. வெளிச்சப் படிகளைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது சுவரில், வெள்ளைப் பக்கத்தில், போய் அப்பிக்கொண்டது. முதலில் குவியலின் விளிம்பு போயிற்று, பிறகு அடிவானம். உப்பும் வானமும் ஒன்றாகி, எங்கும் ஒரே வெள்ளை. நடுவில் நீலச் சட்டை, காலடியில் ஒரு துண்டு நிழல். அவ்வளவுதான் படம்.

'ஹைலைட் போச்சு' என்று பாடம் நடத்த வருவார்கள். வெள்ளையில் விவரம் போகக்கூடாது என்று நானே இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று பதினொரு மணிக்கு அந்த வரப்பில் நின்றபோது எனக்கு எங்கே விவரம் தெரிந்தது? கண்ணைச் சுருக்கிக்கொண்டு வியூஃபைண்டருக்குள் ஒளிந்துகொண்டேன்.

17 மார்ச், காலை 11.00

அக்காவிடம் வெள்ளைப் பதிப்பைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கும். கண்ணு கூசும். வீட்டுக்கு வந்தாலும் கொஞ்ச நேரம் இருட்டாத்தான் தெரியும்." சரி, ஒரு வழியாகப் பாஸ் என்று நினைத்தேன். "குடம் எங்க?"

"என்ன குடம்க்கா?"

"தண்ணிக் குடம் வைக்காம யாரு அளத்துக்குப் போவா? சுத்திலும் தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியாது. வரப்புலதான வச்சிருப்பா."

வரப்பில்தான் வைத்திருந்தார். கீழ் மூலையில். நான்தான் தூசியோடு தூசியாகத் துடைத்தேன். முதல் பதிப்பிலிருந்தே நகல் எடுத்து எடுத்து வேலை பார்த்ததால் எந்தப் பதிப்பிலும் குடம் இல்லை. ஆரஞ்சாக்கினேன், கறுப்பாக்கினேன், தலைகீழாக்கினேன், இதையெல்லாம் தெரிந்து செய்தேன். குடத்தை எடுத்தது ஞாபகமே இல்லை, 4ஆம் தேதி நானே இங்கே எழுதியிருப்பதைப் படித்துத்தான் தெரிந்தது.

17 மார்ச், இரவு 9.00

இது பற்றி ஒரு தீர்ப்பே உண்டு. 2010 வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டி. கீவ் நகரத் தெருச்சண்டை பற்றிய வரிசைக்குப் பரிசு கிடைத்திருந்தது. அதில் ஒரு படம், கைக்குக் கட்டுப்போடும் காட்சி. அசல், அகலமான கலர் படம். அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கரகரப்பும் ஓர இருட்டும் ஏற்றி அனுப்பியிருந்தார் எடுத்தவர். அசலையும் அனுப்பியதையும் பக்கத்தில் வைத்தால் ஒரே படம் என்று சத்தியம் செய்தால்தான் நம்புவோம். இதெல்லாம் பிரச்சினையாகவில்லை. பின்னால் தெரிந்த யாரோ ஒருவரின் பாதத் துணுக்கை அழித்திருந்தார், அதற்காகத் தகுதி நீக்கம். அப்போது படித்தபோது 'இதென்ன அநியாயம், பெரிய மாற்றத்தை விட்டுவிட்டு' என்று சிரித்தேன்.

கேள்வி கேட்டவரே, இன்னும் படித்துக்கொண்டிருந்தால்: உங்கள் பக்கம் கால்வாசி வந்திருக்கிறேன். அதற்கு மேல் வர மாட்டேன்.

19 மார்ச், காலை 6.40

டார்க்டேபிளில் ஒரு நல்ல விஷயம், அசல் கோப்பைத் தொடவே தொடாது. என்ன செய்தோம் என்பதைப் பக்கத்தில் ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கும். ராவ் 25 எம்பி, இது சில கேபி, சமையல் குறிப்பு மாதிரி. ஒவ்வொரு நகலாகத் திறந்து, ரீடச் (துடைத்த வேலை) என்ற ஒரு வரியை மட்டும் அணைத்தேன். எல்லாவற்றிலும் குடம் வந்து உட்கார்ந்தது. (சென்சார் தூசியும் சேர்ந்து வந்தது, அதை மறுபடி துடைத்தேன்.) வெள்ளைப் பதிப்பில் இப்போது மூன்று பொருள்: சட்டை, நிழல், பச்சைக் குடம். குடம் இருக்கிற மூலைக்கும் ஆளுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது இப்போதுதான் படத்தில் தெரிகிறது. அவ்வளவு தூரம் போய்த்தான் ஒரு வாய் தண்ணீர்.

22 மார்ச், இரவு 8.45

லேபில் கொடுத்து 12க்கு 18 அச்சு போட்டு வாங்கினேன். பிரித்தால் உப்பு சிமென்ட் நிறம், வானம் திரும்ப வந்துவிட்டது. "ரொம்ப வெளுத்திருந்துச்சு சார், மெஷின்லயே கரெக்‌ஷன் பண்ணிட்டோம்." மீட்டர், இன்ஜினியர், நான், இப்போது இவர்.

மறுபடி போடச் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் தொடாமல்.

24 மார்ச், இரவு 9.30

சரியாக வந்தது. அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டு, சுவரில் மாட்ட இடம் பார்த்து, படத்தை வைத்துப் பார்த்து, இறக்கினார்.

"இது வேண்டாம் தம்பி. இதைத்தான் வாழ்க்கை பூரா பார்த்தாச்சே. அந்த மொதப் படம், தங்கம் மாதிரி இருந்துச்சே, அதைப் போட்டுக் கொடு."

"அது சாயங்காலம் மாதிரி இருக்குன்னு நீங்கதானக்கா..."

"இருக்கட்டும். சுவத்துல நல்லாருக்கும்."

ஆரஞ்சுப் பதிப்பைத் திறந்து, குடம் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு லேபுக்கு அனுப்பினேன். 12க்கு 18, கரெக்‌ஷன் வேண்டாம் என்று கொட்டை எழுத்தில். வியாழக்கிழமை கிடைக்கும்.